கோபத்துக்கு அடியில் இருப்பது என்ன?



சென்ற ஆண்டு எங்கள் பங்குத் திருவிழா முடிந்து, கொடியிறக்கிய மறு வாரம் பங்குப் பேரவை கூடியது. பந்தல் கம்புகள் இன்னும் கோவில் வளாகத்திலேயே கிடந்தன. கூட்டம் முடியும் நேரத்தில், அன்பியப் பொறுப்பாளராக இருந்த ஒரு சகோதரி எழுந்தார். "பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் எவ்வளவு ஆச்சு ஃபாதர்? அன்பியத்துல எல்லாரும் கேக்குறாங்க" என்றார். சாதாரணக் கேள்வி, பணிவாகத்தான் கேட்டார். வந்த பதில் வேறு மாதிரி இருந்தது. "நம்பிக்கை இல்லைன்னா வேற ஆளப் பாத்துக்கங்க! இத்தனை நாளா ராத்திரி பகலா ஓடினது யாருன்னு தெரியுமா?" அறையில் இருபது பேர் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தச் சகோதரி உட்கார்ந்தார். அடுத்த மாதம் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்.

குரலை உயர்த்திய அந்த ஆள் வேறு யாருமல்ல, பங்குத்தந்தைதான். இப்போது உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் நாம்தான்.

இதை வானொலியில் சொல்லலாமா என்று அந்தச் சகோதரியிடமே கேட்டோம். "பேரச் சொல்லாமச் சொல்லுங்க ஃபாதர்" என்றார். அதனால் சொல்கிறோம்.

அன்று இரவு படுக்கும்போது, அவர் மரியாதை இல்லாமல் கேட்டுவிட்டார் என்றே நமக்குத் தோன்றியது. மறுநாள், வேலைப் பளு அதிகம், தூக்கமில்லை, அதனால்தான் கோபம் வந்தது என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். மூன்றாம் நாள்தான் உண்மை மெல்லத் தலைகாட்டியது. திருவிழா பில்கள் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் கிடந்தன. அவற்றில் இரண்டு காணாமல் போயிருந்தன. கணக்கு நோட்டில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. ஒரு ரூபாய்கூட யாரும் எடுக்கவில்லைதான். ஆனால் கேட்டால் காட்டுவதற்கு நம்மிடம் ஒன்றும் இல்லை. அந்தச் சகோதரியின் கேள்வி நேராகப் போய் அந்த மஞ்சப்பையைத் தொட்டுவிட்டது. நமக்கு வந்தது கோபம் என்று நினைத்தோம். கோபத்துக்கு அடியில் இருந்தது வெட்கம்.

வெட்கத்தை வெட்கம் என்று அந்த நேரத்தில் நாம் கண்டுகொண்டிருந்தால், "இன்னும் எழுதி முடிக்கல அம்மா, அடுத்த ஞாயிறு சொல்றேன்" என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். நம்மைப் பற்றி நமக்கே தெரியாத ஒன்றின் விலையை, எந்தத் தவறும் செய்யாத ஒருவர் இருபது பேர் முன்னால் கொடுத்தார்.

குருமடத்தில் எத்தனையோ ஆண்டுகள் மெய்யியலும் இறையியலும் படிக்கிறோம். மூவொரு இறைவனைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியிருக்கிறோம். 'இந்த நிமிடம் உனக்குள்ளே என்ன நடக்கிறது?' என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதிப் பழகவில்லை. ஆன்ம குரு கேட்கத்தான் செய்தார். நல்ல பெயர் வாங்கும் பதிலைச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவோம்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் திறமைக்கு உளவியலார் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பி.எட். படிக்கும் நம் பிள்ளைகள் 'மனவெழுச்சி நுண்ணறிவு' என்று தேர்வுக்கு எழுதுவார்கள். 'உணர்வுசார் நுண்ணறிவு' என்றும் சொல்வதுண்டு. 1990-ஆம் ஆண்டு பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் ஒரு கட்டுரையில் இதை விளக்கினார்கள். தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனிப்பது, ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறிவது, அப்படி அறிந்ததைக் கொண்டு யோசித்து நடந்துகொள்வது என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் அதை உலகெங்கும் கொண்டு சென்றது. மூன்று ஆண்டுகள் கழித்து, ஒரு தலைவருக்குத் தேவையானவை என்று அவர் ஐந்தைச் சொன்னார். தன்னை அறிதல், தன்னை ஆளுதல், உள்ளிருந்து எழும் ஊக்கம், பிறர் நிலையை உணர்தல், உறவுகளைக் கையாளும் திறன் என்பவையே அவை. தன்னை அறிதல்தான் அதில் முதலாவது. அது இல்லாதவர் மற்ற நான்கையும் எதன்மேல் கட்டுவார்?

ஒரு திருத்தம் சொல்லிவிட வேண்டும். பயிற்சிப் பட்டறைகளில், வாழ்க்கையின் வெற்றிக்கு அறிவுத்திறன் 20 விழுக்காடு, உணர்வுத்திறன் 80 விழுக்காடு என்று பலகையில் எழுதிப் போடுவார்கள். கோல்மன் அப்படிச் சொல்லவில்லை. அறிவுத்திறனின் பங்கு ஏறத்தாழ 20 விழுக்காடு என்றார். மீதி முழுவதும் உணர்வுத்திறன் என்பது கேட்டவர்கள் சேர்த்துக்கொண்டது. இன்னொன்றும் உண்டு. இது ஒரு திறமை; திறமை என்பதாலேயே அது நற்பண்பு ஆகிவிடாது. வட்டிக்கு விடுபவர்களில் சிலருக்கு நம் பயம் நம்மைவிட நன்றாகத் தெரியும். தேர்தல் நேரத்தில் வந்து கைகூப்புகிறவர்களுக்கும் தெரியும். பிறர் மனத்தைப் படிக்கத் தெரிந்து, தன் மனத்தைப் படிக்காதவர் கையில் இந்தத் திறமை கத்தியைப் போலத்தான் இருக்கும்.

சரி, தன் மனத்தைப் படிப்பதை எங்கே தொடங்குவது? சொல்லிலிருந்து தொடங்கலாம் என்பது நம் எண்ணம்.

நம் மதுரைப் பக்கத்தில் எல்லா உணர்வுக்கும் இப்போது ஒரே பெயர்தான்: டென்ஷன். பஸ் தாமதமானால் டென்ஷன். மகள் மதிப்பெண் குறைந்தால் டென்ஷன். கடன்காரன் வந்தால் டென்ஷன். மருமகள் பேசாமல் இருந்தால் டென்ஷன். "என்னமோ ஒரே டென்ஷனா இருக்கு சாமி" என்று ஒப்புரவுக்கு வருகிறவர்களும் சொல்கிறார்கள். இத்தனையும் ஒன்றா? தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன! எரிச்சல் வேறு, ஆத்திரம் வேறு. மனத்தாங்கல் என்பது நெருங்கியவர்மேல் மட்டுமே வருவது. முன்பின் தெரியாதவர்மேல் யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஆதங்கம் என்றால், நடந்திருக்க வேண்டிய நல்லது நடக்காமல் போன வருத்தம். பொறாமை, ஏக்கம், கூச்சம், அவமானம், குற்றவுணர்வு, தனிமை, பயம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மருந்தைக் கேட்கிறது. ஆதங்கத்தில் இருப்பவருக்குக் காது கொடுத்தால் போதும். பயத்தில் இருப்பவருக்குத் துணை வேண்டும். குற்றவுணர்வில் இருப்பவர் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் டென்ஷன் என்று சொல்லி ஒரு டீயைக் குடித்தால் எதுவும் ஆறுவதில்லை.

பெயர் சொல்வதில் பலன் உண்டு என்பதை ஆய்வகத்திலும் பார்த்திருக்கிறார்கள். மூளைக்குள் அமிக்டலா என்று ஒரு பகுதி, பாதாம் பருப்பு போன்ற வடிவில் இருக்கிறது. ஆபத்து என்று பட்டவுடன் அலாரம் அடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2007-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாத்யூ லிபர்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கோபமும் பயமும் தெரியும் முகங்களின் படங்களைச் சிலருக்குக் காட்டி, அப்போது அவர்கள் மூளையை ஸ்கேன் செய்தார்கள். அந்த முகத்தில் தெரியும் உணர்வுக்கு ஒரு சொல்லைத் தேர்ந்து சொன்னபோது அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது. நெற்றிக்குப் பின்னால் உள்ள, நிதானத்தோடு தொடர்புடைய பகுதி கூடுதலாக வேலை செய்தது. படத்திலுள்ள முகத்துக்கே இப்படியென்றால், நம் முகத்துக்குள் நடப்பதற்குப் பெயர் சொல்லிப் பார்க்கலாம் அல்லவா?

இதை ஸ்கேன் இல்லாமலே கண்டுபிடித்த ஒருவர் நம் திருச்சபையில் இருக்கிறார். 1521-ஆம் ஆண்டு மே மாதம் பம்பலோனா கோட்டையைக் காக்கும் சண்டையில், பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்த இனிகோ என்ற வீரர். நாம் புனித லொயோலா இஞ்ஞாசியார் என்று அழைப்பவர். கால் கோணலாகச் சேர்ந்துவிட்டது என்று மறுபடியும் உடைத்துச் சேர்த்தார்கள். எலும்பு துருத்திக்கொண்டிருந்தால் இறுக்கமான காலணி அணிய முடியாதே என்று, மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில் அதை அறுக்கச் சொன்னவர் அவர். அவ்வளவு அழகு மோகம்! மாதக்கணக்கில் படுக்கை. பொழுது போக வீரக்கதைகள் கேட்டார். அந்த வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். படித்தார், கனவு கண்டார். ஒரு சீமாட்டியின் முன் வீரச்செயல் புரிவதாகக் கற்பனை செய்யும்போது இனித்தது. பிறகு மனம் வறண்டு போனது. புனிதர்களைப் போல வாழ்வதாக நினைத்தபோதும் இனித்தது. அந்த நினைப்பு போன பிறகும் இனிப்பு தங்கியது. எல்லாருக்கும் நேர்வதுதான் இது. அவர் செய்த புதிது ஒன்றே ஒன்று: இந்த வித்தியாசத்தைக் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்தவைதான், 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள். அவர் இறந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1606-இல், அவருடைய சபையைச் சேர்ந்த ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். இன்றும் நம் தேனி சாலையில் கருமாத்தூர் போகிறவர்கள் அருளானந்தர் கல்லூரியைப் பார்த்துக்கொண்டுதான் போகிறீர்கள்.

இஞ்ஞாசியார் கற்பித்த மனச்சான்று ஆய்வு இரவில் பத்து நிமிடம் எடுக்கும். முதலில் அன்றைய நாளுக்காக நன்றி. பிறகு, பார்க்கத் தேவையான வெளிச்சத்தைக் கேட்பது. அதன்பின் காலையிலிருந்து நடந்தவற்றை மணிக்கு மணி திரும்பப் பார்ப்பது. எங்கே மனம் இறுகியது, எங்கே விரிந்தது? தவறியதற்கு வருந்துவது, நாளைக்கு ஒன்றைத் தீர்மானிப்பது. பலர் இதைப் பாவப் பட்டியல் போடுவதாக நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். பாவத்தைத் தேடுவது இதில் ஒரு பகுதிதான். கோபப்பட்டேனா என்று கேட்டுக்கொள்வதோடு, எந்த இடத்தைத் தொட்டபோது கோபம் வந்தது என்றும் கேட்கலாம். நாமும் இதைக் குருமட நாளிலிருந்து செய்துவருகிறவர்கள்தான். திருவிழா நேரத்தில் களைப்பு என்று இருபது நாள் விட்டுவிட்டோம். இருபத்தொன்றாம் நாள் நடந்ததைத்தான் தொடக்கத்தில் சொன்னோம்.

இனி, மதுரையில் நமக்கு மிக அருகில் இருந்த இன்னொரு படுக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம் பங்கில் கண்புரைக்காக அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போகாத வீடு குறைவு. அதைத் தொடங்கியவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் என்ற சிற்றூரில் 1918-இல் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, சென்னை ஸ்டான்லியில் 1944-இல் மருத்துவம் முடித்தார். உறவில் இளம்பெண்கள் மகப்பேற்றின்போது இறந்ததைச் சிறுவயதில் பார்த்தவர். ஆகவே மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. இராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது முடக்குவாதம் தாக்கியது. 1948-இல் வேலையிலிருந்து விடுவித்து அனுப்பிவிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் படுக்கை. விரல்கள் முறுக்கிக்கொண்டன. பேனா பிடிக்கவே முடியவில்லை. நின்றுகொண்டு பிரசவம் பார்க்கும் மருத்துவராக இனி ஆக முடியாது என்று தெளிவாகிவிட்டது.

முப்பது வயதில் ஒருவருக்கு இது நடந்தால் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். 'என்னால் முடியும்' என்று வீம்புக்கு அதே பாதையில் போய் முட்டிக்கொள்ளலாம். 'எல்லாம் போச்சு' என்று உட்கார்ந்துவிடலாம். அவர் தம் கையில் எது போய்விட்டது, எது மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் பார்த்தார். கண் மருத்துவம் படித்தார். முறுக்கிய விரல்களுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். 1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில், அதாவது இன்றைய அரசு இராசாசி மருத்துவமனையில், கண் அறுவை மருத்துவராகவும் இருந்தார். அந்த விரல்களால் தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார்.

1976-இல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் தொடங்கியது. நாம் இங்கே சொல்ல வருவது அதன் பெருமையை அல்ல. ஒரு தலைவர் தம்மையும் பிறரையும் எப்படி எடைபோட்டார் என்பதைத்தான். கண் மருத்துவர் ஒருவரின் நேரத்தில் அறுவை செய்யும் நேரம்தான் விலை உயர்ந்தது. மற்றவற்றை வேறு நல்ல கைகள் செய்யலாம் என்று கண்டார். கிராமங்களில் பள்ளிப் படிப்பு முடித்த பெண்களைத் தேர்ந்து, இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார்கள். நோயாளியைச் சோதிப்பது, தயார்படுத்துவது, தேற்றுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மருத்துவர் ஒரு மேசையில் அறுவை செய்யும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். நிர்வாகத்துக்கு, மருத்துவம் படிக்காத, மேலாண்மை படித்த ஆர். டி. துளசிராஜ் வந்தார். தங்கை டாக்டர் நாச்சியார், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு இருந்தது. தாம் எல்லாவற்றிலும் வல்லவர் என்று நினைத்திருந்தால், அந்த 11 படுக்கை 11 படுக்கையாகவே இருந்திருக்கும்.

அவர் கிறிஸ்தவர் அல்லர். அரவிந்தரின் வழியைப் பின்பற்றியவர். மருத்துவமனையின் பெயரே அதைச் சொல்லும். ஆனால் இஞ்ஞாசியார் பார்த்தால் தம் மாணவர் என்று சொல்லியிருப்பார். ஏனென்றால் அவர் பல ஆண்டுகள் குறிப்பேடு எழுதினார். வெளியே உலகம் பாராட்டிக்கொண்டிருந்த காலத்திலும், தம் மனத்தில் எங்கே பற்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, என் ஊர், என் மருத்துவமனை என்ற பிடிப்பு எப்படிப் போகும் என்று தம்மையே கேட்டு எழுதினார். நல்ல செயலுக்குள்ளேயே 'என்' என்ற சொல் ஒளிந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 2006-இல் மறைந்தார். கோவில் கட்டுகிற நம்மைப் போன்றவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

'பலம்' என்பதைப் பற்றியும் உளவியலார் ஆராய்ந்திருக்கிறார்கள். கிறிஸ்டோபர் பீட்டர்சன், மார்ட்டின் செலிக்மன் என்ற இருவர் 2004-இல் 24 நற்பலங்களைத் தொகுத்தார்கள். துணிவு, நேர்மை, இரக்கம், நகைச்சுவை, நன்றியுணர்வு, தன்னடக்கம் என்று அந்தப் பட்டியல் நீளும். ஒருவரிடம் எல்லாமே கொஞ்சம் இருக்கும். சில மட்டும் அவருக்கே உரியதாய், செய்யச் செய்யக் களைப்பில்லாமல் வரும். அவற்றைக் கண்டுபிடித்து அவற்றில் நில்லுங்கள் என்கிறார்கள். நல்ல ஆலோசனைதான். அதோடு நம் அனுபவத்தில் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறோம். நாம் அதிகம் தவறுவது பலவீனத்தில் அல்ல, பலத்தில். பலவீனம் தெரிந்த இடத்தில் கவனமாக இருப்போம். பலமான இடத்தில்தான் கண்ணை மூடிக்கொண்டு நடப்போம்.

விடுதலைப் பயண நூல் 18-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மோசே காலை முதல் மாலை வரை உட்கார்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்க்கிறார். சோம்பேறித்தனம் இல்லை, இலஞ்சம் இல்லை. மக்கள்மேல் அக்கறை. யார் குறை சொல்ல முடியும்? பார்க்க வந்த மாமனார் இத்திரோ சொல்கிறார்: நீர் செய்வது சரியல்ல, நீரும் களைத்துப்போவீர், இந்த மக்களும் களைத்துப்போவார்கள். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை நியமிக்கச் சொல்கிறார். மோசேயின் பலம் பொறுப்புணர்வு. அதுவே கூடிப்போய் மக்களை வரிசையில் நிறுத்தி வைத்துவிட்டது. மருமகன் அதைக் கேட்டுக்கொண்டார் என்பதுதான் நமக்கு வியப்பு. எந்த வீட்டில் மாமனார் சொல் அவ்வளவு எளிதில் ஏறும்?

எங்கள் பலமும் அதுதான். கொடி வாங்குவதிலிருந்து சப்பரத்துக்குப் பூ சொல்வது வரை நாமே ஓடுவோம். சுறுசுறுப்பான சாமி என்று பெயர். அந்தப் பெயருக்கு ஆசைப்பட்டு, கணக்கையும் நாமே வைத்துக்கொண்டோம். கணக்கு எழுதுவது நம் பலம் அல்ல என்று நமக்குத் தெரியும். ஆனால் கொடுக்க மனம் வரவில்லை. அந்தப் பேரவை அறையிலேயே கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரை ஒரு நாளும் கேட்டதில்லை.

பயிற்சிக் கூட்டங்களில் 'ஜோஹாரி சன்னல்' என்று ஒன்றைப் பலகையில் வரைவார்கள், பார்த்திருப்பீர்கள். ஜோஹாரி என்று ஒருவர் இல்லை. 1955-இல் ஜோசஃப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இருவர் தங்கள் பெயர்களின் முன்பாதிகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. சன்னலில் நான்கு கட்டம். எனக்கும் பிறருக்கும் தெரிந்த நான். எனக்கு மட்டும் தெரிந்து நான் மறைக்கும் நான். யாருக்கும் தெரியாத நான். பிறருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாத நான். தலைவர்களுக்கு ஆபத்தான கட்டம் கடைசியில் சொன்னது. வீட்டில் அப்பா வண்டியை ஸ்டாண்ட் போடும் சத்தத்திலேயே பிள்ளைகளுக்கு அவர் மனநிலை தெரிந்துவிடும், அப்பாவுக்குத் தெரியாது. நம் நாகமலையும் அப்படித்தான். அடிவாரத்தில் குடியிருக்கும் நமக்கு அது பாறையும் முள்ளும். தூரத்திலிருந்து வருகிறவருக்குத்தான் நீண்டு கிடக்கும் பாம்பு தெரிகிறது.

தாவீது அரசருக்கும் அந்தக் கட்டம் தெரியவில்லை. சாமுவேல் இரண்டாம் நூல் 12-ஆம் அதிகாரத்தில் இறைவாக்கினர் நாத்தான் வந்து, ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொல்கிறார். அரசருக்குக் கடுங்கோபம் வருகிறது; அவன் சாக வேண்டியவன் என்கிறார். அந்த மனிதன் நீர்தான் என்கிறார் நாத்தான். தாவீதின் பெருமை அடுத்த நொடியில் இருக்கிறது. அவர் நாத்தானைச் சிறையில் அடைக்கவில்லை. பாவம் செய்தேன் என்றார். பிறர்மேல் நமக்கு அளவுக்கு மீறிக் கோபம் வரும்போதெல்லாம், அந்தக் கதையில் நாம் எங்கே இருக்கிறோம் என்று தேடிப் பார்ப்பது நல்லது. எல்லாக் கோபத்துக்கும் இது பொருந்தாது. கூலியைக் குறைத்தவன்மேல் கூலிக்காரருக்கு வரும் கோபம் நீதியான கோபம். அவரிடம் போய் உம்மையே ஆராய்ந்து பாரும் என்று சொல்வது கொடுமை. தன்னை ஆராயும் கடமை, கையில் அதிகாரம் இருப்பவருக்கு முதலில் வருகிறது.

அதிகாரம் என்றால் குருவும் ஆயரும் மட்டும் அல்ல. மகளிர் குழுத் தலைவி, மில்லில் சூப்பர்வைசர், வகுப்பாசிரியர், கடையில் இரண்டு பையன்களை வைத்து வேலை வாங்கும் முதலாளி, வீட்டில் மூத்த அண்ணன் என்று எல்லாரும் யாரோ ஒருவருக்குத் தலைவர்தான். நமக்கு ஒரு நாத்தான் இருக்கிறாரா? ஒருவர் வந்து நம் குறையைச் சொன்னால், அடுத்த முறையும் அவர் சொல்ல வரும்படி நாம் நடந்துகொள்கிறோமா? பலருக்கு அந்த நாத்தான் மனைவியாக இருப்பார். குருக்களுக்கு அந்த வசதியும் இல்லை. ஆகவே நாம் தேடிப்போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

நாம் கேட்கப் போனது நான்கு மாதம் கழித்து. பெரிய தாமதம். அந்தச் சகோதரியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அன்று கணக்கு எழுதாத வெட்கத்தில்தான் உங்கள்மேல் பாய்ந்தோம் என்றோம். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார். பிறகு மெதுவாக, "அன்னைக்கு வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதேன் ஃபாதர். என் பையன் இனிமே கோவிலுக்குப் போகாதேன்னான்" என்றார். நாம் யோசித்துப் பார்த்திராத ஒரு பிள்ளை அந்தக் கதையில் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

அதன்பிறகு, அடுத்த பேரவைக் கூட்டத்தில் அதே இருபது பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டோம். தனியாகத் திட்டியிருந்தால் தனியாகக் கேட்டிருக்கலாம். கணக்கு நோட்டு இப்போது அந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியரிடம் இருக்கிறது. மாதத்தின் கடைசி ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வரவு செலவை அவரே வாசிக்கிறார். சில நேரம் நம் கைச்செலவில் ஒரு சீட்டுக் குறைகிறது என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறார். அப்போதெல்லாம் காதோரம் சூடேறுகிறது. வெட்கம் என்று மனத்துக்குள் பெயர் சொல்லிக்கொள்கிறோம்.

அந்தச் சகோதரி ஞாயிறு திருப்பலிக்கு வருகிறார். பொறுப்பை இன்னும் திரும்ப ஏற்கவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. அவருடைய மகன் சென்ற வாரம் கோவில் வாசல் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, உள்ளே வராமல் போனான்.